செத்தவர் இட்ட கையொப்பம்

செத்தவர் சம்பளப் பட்டியலில் கையொப்பமிட முடியுமா? முடியும் என்றனர்! ஒருவர் இருவரல்லர், உச்சநீதிமன்றத்தில் 93 மேல்முறையீடுகள்! சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடங்கி டில்லி வரையில் நடந்து, 2024 நவம்பர் 7ஆம் நாள் முடிவு கண்ட வழக்கு அது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியப் பணி செய்யும் கத்தோலிக்கக் கன்னியர்களின், குருக்களின் ஊதியத்தில் வருமான வரி பிடிக்கலாமா, கூடாதா என்பதே வழக்கு. கூடாது என்றவர்கள் அடுக்கிய வாதங்களிலே ஒன்றைக் கேளுங்கள், தோழர்களே! துறவு வார்த்தைப்பாடு கொடுத்த அன்றே, திருச்சபைச் சட்டப்படி, அந்தப் பெண் உலக வாழ்வுக்கு இறந்துவிட்டாள். இறந்தவளுக்கு வருமானம் ஏது, வருமானம் இல்லாதவளுக்கு வரி ஏது? சட்டம் படித்தோர் இதற்குக் 'குடிமை மரணம்' என்று பெயரிட்டிருக்கின்றனர்.

காலை மணி அடித்ததும் வகுப்பறைக்குள் நுழைகிறார். வருகைப் பதிவேட்டை விரிக்கிறார். கரும்பலகையில் கணக்குப் போடுகிறார். கண் கலங்கி நிற்கும் குழந்தையைக் கையணைத்துத் தேற்றுகிறார். விடைத்தாள் திருத்த மையத்துக்குப் பேருந்தேறிப் போகிறார். தேர்தல் வந்தால் விரலில் மை வைத்துக்கொண்டு வாக்களிக்கிறார். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலில் கையொப்பமும் இடுகிறார். இவர், செத்தவராம்! எந்தப் பகைவனும் இப்படிச் சொல்லவில்லை. அவரைத் தங்கள் மகள் என்றும், சகோதரி என்றும், கிறிஸ்துவின் மணவாட்டி என்றும் போற்றுகிறவர்கள் தரப்பிலேதான் சொல்லப்பட்டது.

வழக்கின் வரலாறு நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். வெள்ளையர் ஆட்சியின்போதே, 1944இல், மறைப்பணியாளர் தாம் பெறும் தொகையைச் சபைக்குக் கொடுத்துவிடுவதால் அதற்கு வரி வேண்டாம் என்று வருவாய் வாரியம் சுற்றறிக்கை விட்டது. 1977இல் மற்றொரு சுற்றறிக்கை வந்தது. அந்த நிழலிலே எழுபது ஆண்டுகள் கழிந்தன. பிறகு வரித்துறை விழித்துக்கொண்டது. சம்பளம் வழங்கும் அலுவலகங்களுக்கு, பிடித்தம் செய்யுங்கள் என்று உத்தரவு பறந்தது. உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி மடங்களின் பக்கம் தீர்ப்பளித்தார். 2019 மார்ச்சில் நீதிபதிகள் வினீத் கோத்தாரியும் சி.வி. கார்த்திகேயனும் அமர்ந்த ஆயம் அதை மாற்றியது: சம்பளம் வேலை செய்தவருக்கு உரியது, பெற்ற பிறகு அவர் யாருக்குக் கொடுக்கிறார் என்பது வேறு கதை, திருச்சபைச் சட்டம் நாட்டின் வரிச் சட்டத்தை விஞ்ச முடியாது. உச்சநீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளியது.

அரசின் கருவூலத்துக்கு என்ன வந்தது, என்ன போயிற்று என்ற கணக்கு எனக்கு வேண்டாம். அது அதிகாரிகளின் வேலை. என் கேள்வி வேறு. வரி கட்டுவதற்கு அந்தப் பெண் உயிரோடிருக்கிறாள் என்று நாட்டின் உச்சமன்றம் சொல்லிவிட்டது. சரி, ஒப்புக்கொண்டோம், மடமும் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டது. அப்படியானால் மற்றவற்றுக்கு? வங்கிக் கணக்குப் புத்தகத்தைத் தன் பெட்டியில் வைத்துக்கொள்வதற்கு? ஒரு கவிதை நூல் அச்சிடுவதற்கு? வண்டி ஓட்டப் பழகுவதற்கு? மனம் மாறினால், மறுவாழ்வு தேடி, வெறுங்கையோடல்லாமல் வெளியே வருவதற்கு? இவற்றுக்கெல்லாம் அவள் இன்னும் பிணந்தானா?

துறவு மடத்துக்குள் நுழையும் பெண் மூன்று வார்த்தைப்பாடுகள் கொடுக்கிறாள்: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். முதல் வார்த்தைப்பாட்டுக்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். வாழ்நாள் வார்த்தைப்பாட்டுக்கு 21. கட்டாயப்படுத்தினால் செல்லாது என்றும் விதி உண்டு. மறுக்கவில்லை. ஆனால் அதே 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலே 668ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். துறவி தன் உழைப்பால் ஈட்டுவது எதுவாயினும் சபைக்கே ஈட்டுகிறார். ஓய்வூதியமும் உதவித்தொகையும் காப்பீட்டுத் தொகையுங்கூட, சபையின் சொந்த விதி வேறு சொன்னாலன்றி, சபைக்கே சேரும். சற்றுத் தள்ளி 702ஆம் விதி இருக்கிறது. சபையை விட்டு முறைப்படி விலகியவரோ முறைப்படி விலக்கப்பட்டவரோ, சபைக்குள் செய்த எந்த வேலைக்காகவும் எதையும் கேட்க உரிமையில்லை! அடுத்த வரியிலேயே ஒரு தேன்துளி: ஆயினும் சபையானது, பிரிந்து செல்பவரிடம் நியாயத்தையும் நற்செய்தியின் அன்பையும் காட்டுக.

உரிமை இல்லை, அன்பு உண்டு. உழைத்ததற்குக் கூலி கேட்காதே, கும்பிட்டால் கொடுப்போம். பண்ணையார் பேசிய மொழிக்கும் இதற்கும் பாட பேதம் எத்தனை, தோழர்களே?

எங்கள் ஓரிக்கை நெசவாளர் ஊர். பட்டு முதலாளியுடையது, சரிகை முதலாளியுடையது, சில வீடுகளில் தறியுங்கூட முதலாளியுடையது. ஆனாலும், சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டு வரும் நெசவாளியிடம், நீ செத்தவன், உனக்குக் கூலி எதற்கு என்று கேட்கும் துணிவு இதுவரை எந்த முதலாளிக்கும் வந்ததில்லை. குறைத்துக் கொடுப்பான், தாமதப்படுத்துவான், முன்பணத்தில் கழிப்பான். கூலி நெய்தவனுடையது என்பதை மட்டும் மறுக்க மாட்டான். முதலாளியே மறுக்காத ஒன்றை மோட்சத்தின் வாயில்காப்போர் மறுக்கின்றனர்.

இதைப் பழைமைக்கும் புதுமைக்கும் நடக்கும் போர் என்று எழுதுகிறார்கள் சிலர். மடத்துக்குள்ளே இருண்ட பழைமை, மடத்துக்கு வெளியே ஒளிவீசும் புதுமை, நடுவிலே தத்தளிக்கும் பேதைப் பெண்கள் என்று படம் வரைகிறார்கள். பாதிதான் உண்மை. மடம் புதுமைக்கு அஞ்சியதே இல்லை! புதுமையால் பயன் வருமானால் அதைப் போல விரைந்து ஏற்றவர் எவருமில்லை. நாட்டிலே பெண் எழுத்தறிந்தால் தேவரடியார் என்று ஏசிய காலத்தில், 1842இல், அயர்லாந்திலிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்தனர் காணிக்கை மாதா சபைக் கன்னியர். இரண்டே ஆண்டில், 1844இல், புதுச்சேரியிலே துய்ப்புயி என்ற பிரெஞ்சுக் குரு, தமிழ்ப் பெண்களையே கொண்டு, தமிழ்ச் சிறுமியர்க்குக் கல்வி தருவதற்கென்றே மரியாவின் மாசற்ற இருதய சபையைத் தோற்றுவித்தார். 1923இல் திருச்சியில் சிலுவைக் கன்னியர் கல்லூரி கண்டனர். 1947 ஆகஸ்டில், நாடு விடுதலை பெற்ற அதே மாதத்தில், சென்னையில் ஸ்டெல்லா மேரிஸ் கல்லூரி பிறந்தது. இந்த வரிசையை மறைத்துவிட்டுப் பேசுகிறவன் பகுத்தறிவாளன் அல்லன், வெறும் வசைபாடி. தறிக்குழிக்குப் பக்கத்திலே இழை எடுத்துக் கொண்டிருந்த என் தாயைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லித் திண்ணையில் அமர்ந்து பாட்டியோடு வாதாடியவரும் ஒரு கன்னியர்தான். பாட்டி தோற்றாள், அதனால்தான் நான் இதை எழுதுகிறேன்.

ஆகவே, பட்டம் படி என்பது மடத்துக்கு ஏற்பு. அரசு வேலைக்கு விண்ணப்பி என்பது ஏற்பு. தலைமையாசிரியையாகு, கணினி கற்றுக்கொள், கணக்கு எழுது, கட்டடம் எழுப்பு, எல்லாம் ஏற்பு. இத்தனை புதுமையும் அந்தப் பெண்ணின் மூளைக்கும் முதுகுக்கும் வேண்டும். அவளுடைய சட்டைப்பைக்கு வரும்போது மட்டும், நில்! இது பழைமை காக்கும் இடம்! காஞ்சிப் பட்டிலே கோர்வை என்று ஒன்றுண்டு. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா போட்டு, இரண்டையும் இழைக்கு இழை பூட்டி நெய்வார்கள். சேலை நைந்தாலும் கரை பிரியாது. மடம் நெய்வது அப்படிப்பட்ட கோர்வை அன்று. புதுமை உடலின்மேல் பழைமைக் கரையை ஊசியால் ஒட்டுப்போட்டுவிட்டு, இழுத்துப் பார்க்காதே என்கிறது. இழுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பார்த்ததும் என்ன நடந்தது என்பதே நாம் பேச வேண்டிய செய்தி.

மருத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைப்பேறு பார்ப்பது துறவிப் பெண்ணுக்குத் தகாது என்று ரோமாபுரி விதித்திருந்தது. இந்நாட்டிலே ஆண் மருத்துவரின் கை தம்மைத் தொடக்கூடாதென்று வீட்டுக்குள்ளேயே மாண்ட பெண்கள் ஆயிரமாயிரம். மருத்துவம் கற்ற கன்னியர் இருந்தால் காப்பாற்றலாம். ஆனால் கன்னியர் மருத்துவம் பார்த்தால் கற்பு கெடுமாம்! ஆஸ்திரேலியாவில் மருத்துவப் பட்டம் பெற்ற மேரி குளோரி என்ற பெண், 1920இல், அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்து கன்னியரானார். தாம் கற்ற மருத்துவத்தைப் பார்க்க அவருக்குப் போப்பாண்டவரின் தனி அனுமதி வேண்டியிருந்தது. ராவல்பிண்டியில் பணியாற்றிய ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல், 1925இல் மருத்துவப் பெண்களின் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். முழுத் துறவு சபை என்று பதிவு செய்ய முடியவில்லை, தடை இருந்தது. பெண்கள் விடவில்லை. எழுதினர், கேட்டனர், மீண்டும் எழுதினர். 1936இல் தடை விலகியது. அசைக்க முடியாத மரபு என்றார்களே, எங்கே போயிற்று அது? பிரசவ அறையின் கதவிடுக்கில் ஒரு நாள் காற்றாகக் கரைந்து போயிற்று. அதன் பிறகு கற்பும் கெடவில்லை, கடவுளும் கோபிக்கவில்லை. குறைந்தது ஒன்றே; பிள்ளைப்பேற்றில் சாகும் பெண்களின் தொகை.

இதற்கெல்லாம் ஐரோப்பா வரை போக வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம், இதே தொண்டை மண்டலத்தில் வந்தவாசியை அடுத்த வேடாலுக்குப் போகலாம். முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டு. கனகவீரக் குரத்தியார் என்ற சமணத் துறவியும் அவருடைய மாணவியர் 500 பேரும் ஒரு பக்கம்; துறவியர் 400 பேர் மறு பக்கம்; இருவர்க்குமிடையே ஏதோ பூசல். அப்போது ஊரார் முன்வந்து, குரத்தியாரையும் மாணவியரையும் நாங்கள் காப்போம், நாங்கள் சோறிடுவோம் என்று கல்லில் வெட்டி வைத்தனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் துறவி 500 மாணவியரோடு தனித்து நின்றாள். கருத்து வேறுபட்டாள் என்பதற்காகச் சோற்றை நிறுத்தவில்லை ஊர். மரபு, மரபு என்று மார்தட்டுகிறவர்களே, இதுவும் மரபுதான்! மணிமேகலை இந்தக் காஞ்சிக்கு வந்துதான் நோன்பேற்றாள் என்கிறது காப்பியம். கணிகையின் மகள் என்று ஊர் எழுதி வைத்த தலையெழுத்தைத் துறவு என்னும் கருவியால் அழித்தவள் அவள். துறவு பெண்ணுக்கு எப்போதும் சிறையாகவே இருந்தது என்று சொல்ல வரலாறு இடந்தரவில்லை. சிலருக்கு அது விலங்கொடித்த வழி. கட்டாய மணத்திலிருந்தும், சமையலறையிலிருந்தும் தப்பிய வழி. அப்படித் தப்பி வந்தவளுக்கு வேறொரு விலங்கைப் பூட்டுகிறார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

இனி, இழுத்துப் பார்த்தவர் கதை. கேரளத்து வயநாட்டிலே லூசி களப்புரா என்ற கன்னியர், பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், பள்ளி ஆசிரியை. 2018 செப்டம்பரில், ஆயர் பிராங்கோ முலக்கல் மீது ஒரு கன்னியர் கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகாரில் நடவடிக்கை கேட்டுக் கொச்சித் தெருவிலே கன்னியர் ஐவர் அமர்ந்தனர். லூசி அவர்களோடு போய் அமர்ந்தார். ஆயர் கைதானார், 2022 ஜனவரியில் கோட்டயம் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வழக்கின் குற்றம் குணம் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான் கேட்பது, பக்கத்தில் போய் அமர்ந்தவருக்கு என்ன ஆயிற்று என்பதே.

சபை அவர்மீது குற்றப் பட்டியல் தயாரித்தது. போராட்டத்தில் கலந்துகொண்டார், வண்டி ஓட்ட உரிமம் பெற்றார், கார் வாங்கினார், கவிதை நூல் வெளியிட்டார், தொலைக்காட்சியில் பேசினார், அங்கி அணியாமல் சுடிதார் அணிந்த படத்தை வெளியிட்டார், எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பளத்தைச் சபையிடம் ஒப்படைக்கவில்லை. திருட்டு இல்லை. பொய்க் கணக்கு இல்லை. பிள்ளைகளை அடித்தார் என்றுகூட இல்லை. கார்! கவிதை! சுடிதார்! சம்பளம்! 2019 ஆகஸ்டில் வெளியேற்றினர். வத்திக்கானுக்கு மேல்முறையீடு செய்தார். அங்கும் வெளியேற்றம் உறுதியாயிற்று. அவர் 'கர்த்தாவின்றெ நாமத்தில்' என்று தன்வரலாறு எழுதினார். நீதிமன்றப் படி ஏறினார். அவருக்குப் பத்தாண்டு முன்னே, திருச்சூரில் கல்லூரி முதல்வராயிருந்த கன்னியர் ஜெஸ்மியும் மடத்தைவிட்டு வெளியே வந்து 'ஆமென்' என்று எழுதியதை நினைவில் வைப்போர் இருப்பீர்கள்.

ஏழ்மை வார்த்தைப்பாட்டை மீறினாரே என்கின்றனர். இருக்கட்டும். மறைமாவட்டக் குருக்கள் ஏழ்மை வார்த்தைப்பாடே கொடுப்பதில்லை, தோழர்களே! பலருக்கு இது தெரியாது. இயேசு சபை போன்ற துறவு சபைகளைச் சேர்ந்த ஆடவர் கொடுக்கின்றனர். அவர்களும் சம்பளத்தைச் சபைக்கே ஒப்படைக்கின்றனர். அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் பங்குக் கோவிலில் நாம் காணும் மறைமாவட்டக் குரு சொத்து வைத்துக்கொள்ளலாம், கார் வைத்துக்கொள்ளலாம், கணக்கு வைத்துக்கொள்ளலாம். அவருடைய மேல்சட்டைக்கும் காற்சட்டைக்கும் குற்றப் பட்டியல் எழுதுவார் இல்லை. ஆயர் ஏறும் காருக்கு விளக்கம் கேட்பார் இல்லை. பெண் ஏறினால் மட்டும் கார், சாத்தானின் தேராகிவிடுகிறது!

எங்கள் ஊர்ப் பெயருக்கு ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். பல்லவ மன்னன் பாடச் சொன்னதைப் பாட மறுத்தான் கணிகண்ணன். மன்னன் அவனை நாடு கடத்தினான். குருவான திருமழிசையாழ்வாரும் உடன் கிளம்பினார். ஆழ்வார் சொற்கேட்டுக் கோவிலில் படுத்திருந்த பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூவரும் ஓர் இரவு இருந்த இடம் என்பதால் ஓரிரவிருக்கை, அதுவே ஓரிக்கை. பாம்புப் பாய் நடந்ததாக நான் நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டா. ஆனால் கதை கட்டியவனுக்கு ஒன்று தெரிந்திருந்தது: அதிகாரம் ஒருவனை நியாயமின்றி வெளியேற்றினால், கடவுளாக இருப்பவர் அவனோடு கிளம்ப வேண்டும், அரண்மனையில் படுத்திருக்கக் கூடாது. லூசி வெளியேற்றப்பட்ட நாளில் எந்த ஆயர் தம் பாயைச் சுருட்டினார்?

உடை பற்றி இவ்வளவு கூச்சல் ஏன் என்றும் பார்ப்போம். இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1965 அக்டோபரிலேயே, துறவியர் உடை எளியதாக, உடல்நலத்துக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் செய்யும் பணிக்கும் ஏற்றதாக இருக்கட்டும், ஒவ்வாததை மாற்றுங்கள் என்று எழுதியது. அதை நம்பினர் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கன்னியர். உடையைத் தாமே முடிவு செய்வோம் என்றனர். அதோடு, ஆசிரியப் பயிற்சி முடிக்காமல் எங்களை வகுப்புக்கு அனுப்பாதீர், ஒரு வகுப்பில் இத்தனை பிள்ளைகளை அடைக்காதீர் என்றும் கேட்டனர். ஓர் ஆசிரியனாக எனக்கு இந்தக் கோரிக்கை அங்கியைவிடப் பெரிதாகப் படுகிறது. கர்தினால் மெக்கின்டயர் மசியவில்லை. 1970இல் 300க்கும் மேற்பட்டோர் வார்த்தைப்பாட்டிலிருந்து விடுபட்டு வெளியேறினர். நம் நாட்டிலோ, 1948 ஆகஸ்டில் கல்கத்தாவில் ஒரு கன்னியர், ரோமின் அனுமதி பெற்று, தம் லொரேட்டோ சபை அங்கியைக் களைந்துவிட்டு, நீலக் கரையிட்ட வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு சேரிக்குள் நடந்தார். அவரை அன்னை தெரசா என்று உலகம் அறியும். புனிதர் என்று 2016இல் ரோம் அறிவித்தது. அத்தகைய புடவைகளைப் பின்னாளில் டிட்டாகரில் தொழுநோயுற்றோர் நெய்து தந்தனர். அதே நீலக் கரை இன்று பதிவு செய்யப்பட்ட வணிகக் குறி! ஒரு பெண் சட்டையை மாற்றினாள், புனிதமாயிற்று. இன்னொரு பெண் சட்டையை மாற்றினாள், குற்றமாயிற்று. வேறுபாடு துணியில் இல்லை. அனுமதி என்ற முத்திரையில் இருக்கிறது. முத்திரை ஆடவர் கையில் இருக்கிறது.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால், வத்திக்கானின் சொந்த ஏட்டையே சாட்சிக்கு அழைக்கிறேன். 2018 மார்ச்சில் 'ஒஸர்வாத்தோரே ரொமானோ'வின் பெண்கள் இணைப்பிதழ், கர்தினால்களுக்கும் ஆயர்களுக்கும் சமைத்து, துவைத்து, பரிமாறி, பெரும்பாலும் ஊதியமும் ஒப்பந்தமும் இன்றி உழைக்கும் கன்னியர்களைப் பற்றி எழுதியது. விருந்து மேசைக்கு உணவு கொண்டுவந்து வைப்பவளை, உடன் அமரச் சொல்வாரில்லை என்று குமுறியது. அடுத்த ஆண்டு அந்த இதழின் ஆசிரியை லூச்சேத்தா ஸ்கராஃபியாவும் ஆசிரியர் குழுவும் விலகினர்; ஆடவர் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முயல்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அதே 2019 பிப்ரவரியில் போப் பிரான்சிஸ், கன்னியர்களைக் குருக்களும் ஆயர்களும் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியதுண்டு என்று வாய்திறந்து ஒப்பினார். 2025 ஜனவரியில், துறவியர் விவகாரங்களைக் கவனிக்கும் துறைக்குச் சிமோனா பிரம்பில்லா என்ற கன்னியரைத் தலைவராக்கினார். வத்திக்கான் துறை ஒன்றுக்குத் தலைவரான முதல் பெண். மகிழ்ச்சி! ஆனால் அதே நாளில், அதே துறைக்கு, ஒரு கர்தினாலையும் துணைக்கு அமர்த்தினார். உலகிலே பெண் துறவியர் 6 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. துறவிகளில் பெரும்பான்மையினர் அவர்களே. அவர்களை ஆள ஒரு பெண்ணை அமர்த்த இத்தனை நூற்றாண்டு; அமர்த்திய அன்றே ஓர் ஆணும் வேண்டியிருந்தது.

இதைப் படித்துக் காவிச் சட்டைக்காரர் சிலர் கைகொட்டக் கூடும். கொட்ட வேண்டாம், ஐயா! உங்கள் பழைய இந்துச் சட்டத்திலும் சந்நியாசி செத்தவர்தான். குடும்பச் சொத்துக்கு உரிமை இழந்தவர்தான். கடவுளுக்கு மனைவி என்று சிறுமிக்குப் பொட்டுக் கட்டி, கோவிலையும் கனவான்களையும் காக்க வைத்தவர்கள் நீங்கள். அதை ஒழிக்க முத்துலட்சுமி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பாடுபட்டு, 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வரும்வரை, சாத்திரம் சாத்திரம் என்று கூவியதும் உங்கள் முன்னோர்தாம். கன்னியர் மடத்தின் குறையைப் பேசும் உரிமை, கன்னியர் மடத்தைக் கொளுத்த நினைப்போருக்குக் கிடையாது.

நம் பக்கத்திலும் ஓர் அழுக்கு இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும். கன்னியாஸ்திரீ என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணடிக்கும் இளைஞர்கள் நம் கூட்டங்களிலே இல்லையா? மடத்துச் சுவருக்குள் என்ன நடக்கிறதோ என்று இளித்துக்கொண்டு கதை பேசுவது பகுத்தறிவா? அது பழைய ஊர்ச்சாவடிப் பேச்சு. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டதால் புதிதாகிவிடாது. அந்தப் பெண்ணின் படுக்கையைப் பற்றிப் பேசுகிறவன் அவளுடைய சம்பளத்தைப் பற்றி ஒரு நாளாவது பேசியிருக்கிறானா?

எங்கள் உள்வீட்டு விவகாரம், வெளியார் ஏன் தலையிடுகிறீர் என்று கேட்கும் கத்தோலிக்க நண்பர்களுக்கும் மறுமொழி உண்டு. உள்வீட்டுப் பணமாயிருந்தால் ஒருவேளை ஒதுங்கியிருப்போம். அரசு உதவி பெறும் பள்ளியின் சம்பளம் மக்கள் பணம். அதை ஓர் ஆசிரியைக்கு என்று ஊர் கொடுக்கிறது. மடத்துக்கு என்று கொடுக்கவில்லை. அந்தப் பணத்தால் விடுதி நடக்கிறது, அனாதைக் குழந்தைகள் உண்கின்றனர், அரசு ஊதியம் இல்லாத பணியாளர்க்குக் கூலி போகிறது என்பீர்கள். உண்மை, எனக்குத் தெரியும். நல்ல காரியம்தான். அந்த நல்ல காரியத்துக்கு அவள் தன் கையால் கொடுக்கட்டுமே! கையில் வந்த பிறகு கொடுத்தால் ஈகை; கைக்கே வராமல் போனால் அதன் பெயர் ஈகையா? தானே முன்வந்து ஏழையாக இருப்பதற்குக்கூட, முதலில் தனக்கென்று ஏதாவது இருக்க வேண்டாமா?

கேட்பது வானத்து நட்சத்திரம் அன்று. கன்னியர் ஆசிரியை ஒவ்வொருவருடைய கணக்குப் புத்தகமும் அட்டையும் அவர் கையிலேயே இருக்கட்டும். மாதந்தோறும் இவ்வளவு என்று அவரே சபைக்கு எழுதிக் கொடுக்கட்டும். ஓய்வூதியம் அவர் பெயரிலேயே, அவர் வாழும் இடத்துக்கே வரட்டும். மடத்தில் வாழ்ந்தாலும் சரி, மடத்தை விட்டாலும் சரி. அறிவுத்துறை நூல் எழுதவோ, கவிதை எழுதவோ அனுமதிச் சீட்டு வேண்டாம். மடத்தில் நடக்கும் கொடுமையைப் பற்றி வாய்திறந்த பெண்ணைக் கீழ்ப்படியாமை என்ற பெயரால் வெளியேற்றுவதை வேலையிடத்துப் பழிவாங்கல் என்றே அரசு பார்க்கட்டும். இவற்றையெல்லாம் செய்வதற்கு எந்த வேத வாக்கியத்தையும் திருத்த வேண்டியதில்லை. 1936இல் பிரசவ அறையைத் திறந்தவர்களுக்கு 2026இல் ஒரு பணப்பெட்டியைத் திறப்பது அத்தனை கடினமா?

பணம் மட்டுமா துறவு என்று கேட்பார்கள். இல்லைதான். ஆனால் 25 ஆண்டு பாடம் நடத்திய 50 வயதுப் பெண், மனம் ஒப்பவில்லை என்று வாயிற்படியில் நிற்கும்போது, பேருந்துக் கட்டணத்திலிருந்து தொடங்கி எல்லாமே பணந்தான். பெற்றோர் இறந்திருப்பர், சொத்தைத் தம்பிமார் பகிர்ந்திருப்பர், ஊர், ஓடிவந்தவள் என்று விரல் நீட்டும். 702ஆம் விதியின் இரண்டாம் வரியை அப்போது அவளிடம் படித்துக் காட்டுவார்கள்: நியாயம், அன்பு.

தமிழகத்தில் எத்தனையோ சபைகள் இருக்கின்றன. பள்ளி ஆண்டு மலரில் தேர்ச்சி விழுக்காடு அச்சிடுகின்றன. கட்டட நிதிக் கணக்கு அச்சிடுகின்றன. அவற்றோடு இன்னும் ஒரு பக்கம் சேர்த்து அச்சிடட்டும். கடந்த 10 ஆண்டுகளில் சபையை விட்டுச் சென்ற சகோதரிகள் எத்தனை பேர்? அவர்கள் உழைத்த ஆண்டுகள் எத்தனை? அவர்கள் பெயரில் வந்த சம்பளம் எவ்வளவு? வாயிற்படியில் அவர்கள் கையில் வைத்த அன்பு, எத்தனை ரூபாய்?